எட்டுக் காசுக்கு ஒரு மைல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் பழைய கலயங்களில் இன்னும் கிடக்கிறது, மறைந்துபோன ஒரு நாட்டின் சில்லறை

1938 பிப்ரவரி 20-ஆம் தேதி, திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா திருவனந்தபுரத்தில் அரசுப் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதை நடத்துவதற்காக லண்டனிலிருந்து ஈ. ஜி. சால்டர் என்ற அதிகாரியை வரவழைத்திருந்தார்கள். மறுநாளே திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வண்டி ஓடத் தொடங்கியது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, தக்கலை, நாகர்கோவில் என்று போகும் அதே சாலை. கட்டணம் மைலுக்கு அரைச் சக்கரம்.

அரைச் சக்கரம் என்பது எட்டுக் காசு. அந்த எட்டுக் காசுக்குத் தனியாக ஒரு வெண்கல நாணயம் இருந்தது. ஒரு பக்கம் மன்னர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மறுபக்கம் சங்கு. இதை எழுதும் மேசையில் அப்படியொரு நாணயம் இருக்கிறது. விளிம்பு தேய்ந்து, நிறம் கருகி, காப்பிக்கொட்டை போல ஆகிவிட்டது. கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது காசாகத் தெரிவதில்லை. ஒரு மைல் தூரமாகத்தான் தெரிகிறது. இப்படி ஆறு இருந்தால் நெய்யாற்றின்கரையில் ஏறிப் பாறசாலையில் இறங்கலாம்.

இந்த நாணயம் எனக்கு எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. என் அம்மா பிறந்த வீடு இஞ்சிவிளைப் பக்கம், கேரளத்தில். அப்பாவின் வீடு களியக்காவிளை தாண்டி, தமிழ்நாட்டில். இரண்டுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். அம்மா வீட்டு அறைப்புரையில், நெல் அளக்கும் மரப்படிக்குப் பக்கத்தில், வாய் உடைந்த ஒரு மண்கலயம் இருந்தது. சிறுவனாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் அதற்குள் கையை விட்டேன். விரல்களில் பச்சை ஒட்டியது.

"இது என்னது பாட்டி?"

"அது காசுலா மக்களே. இப்பம் ஓடாது. சும்மா கிடக்கட்டு."

கிடக்கட்டும் என்று அவர் விட்டுவைத்ததால்தான் இந்தக் கட்டுரை.

காசும் பணமும்

தமிழில் 'காசு பணம்' என்று சேர்த்தே சொல்கிறோம். இரண்டும் ஒன்றுதான் என்ற நினைப்பில் சொல்கிறோம். திருவிதாங்கூரில் அவை ஒன்றல்ல. காசு ஒரு நாணயம், பணம் வேறொரு நாணயம். இரண்டுக்கும் நடுவே சக்கரம். 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம், 4 சக்கரம் சேர்ந்தால் ஒரு பணம், 7 பணம் சேர்ந்தால் ஒரு ரூபாய். ஆக, ஒரு பணத்துக்கு 64 காசு, ஒரு திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், அதாவது 448 காசு. காசு வெண்கலம், பணம் வெள்ளி. 'காசில்லை, பணமுமில்லை' என்று அந்த நாட்டில் ஒருவர் சொன்னால், அது இரண்டு தனித்தனி இல்லாமைகள்.

ஆங்கிலத்தில் இன்று ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு, நம் நாணயங்களை ஆங்கிலேயர் எழுதிய 'கேஷ்' வேறு. பின்னது நம் காசுதான்; போர்த்துக்கீசியர் வாய் வழியாகப் போய் அப்படித் திரிந்தது. 'ஃபனம்' என்று அவர்கள் எழுதியது நம் பணம். கொடுத்ததுபோல வாங்கியும் இருக்கிறோம். துட்டு என்ற சொல் டச்சுக்காரர்களின் சின்னச் செப்பு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த டச்சுக்காரர்களை 1741-இல் மார்த்தாண்ட வர்மா முறியடித்த குளச்சல் இங்கிருந்து அதிக தூரமில்லை. படைகள் கடலோடு போய்விட்டன. சொல் மட்டும் நம் சட்டைப்பைக்குள் தங்கிவிட்டது.

சக்கரத்துக்கு ஒரு முந்தைய பிறவி உண்டு. வெண்கலத்தில் வருவதற்கு முன்னால் அது வெள்ளியில் இருந்தது. மீன் செதிள் போல அவ்வளவு சிறியது. விரலால் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். அதற்காகவே சக்கரப் பலகை இருந்தது. தடித்த மரப்பலகையில் சக்கரம் ஒன்று மட்டும் அமரும் அளவுக்கு வரிசை வரிசையாகக் குழி எடுத்திருப்பார்கள். ஒரு பிடி சக்கரத்தை அள்ளிக் கொட்டி மெல்ல ஆட்டினால் குழிக்கு ஒன்றாக அமர்ந்துவிடும். மிச்சத்தைச் சரித்துவிட வேண்டியதுதான். குழிகள் நிறைந்தால் எண்ணிக்கை முடிந்தது. திருவிதாங்கூருக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் இதை வியந்து எழுதியிருக்கிறார்கள். அரிசியைப் புடைக்கிற கைக்குப் பழகிய வேலைதான் அது. பணத்தை எண்ணுவதற்கு அடுக்களை அசைவைக் கொண்டுவந்த அந்தத் தச்சன் யாரென்று யாரும் குறித்து வைக்கவில்லை.

ஏழே அரைக்கால்

காலனி ஆட்சியின் கடைசி ஆண்டுகள் என்றதும் ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் தலைகள் பதித்த நாணயங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் பிரிட்டிஷ் மாகாணம் அல்ல, சமஸ்தானம். ஆங்கில அரசுக்குக் கப்பம் கட்டியது, அதன் மேலாதிக்கத்தின் கீழ் இருந்தது. ஆனால் தனக்கென்று அஞ்சல் வைத்திருந்தது, நாணயம் வைத்திருந்தது. கூடவே பிரிட்டிஷ் இந்திய ரூபாயும் சில்லறையும் உள்ளே புழங்கின. எனவே இந்தக் கிராமத்துக் கலயங்களில் இரண்டு அரசுகளின் காசு கலந்து கிடக்கிறது. எங்கள் கலயத்திலும் அப்படித்தான்.

கலப்பதற்குக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்றால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரம் ஒன்றுதான் வித்தியாசம். அது செய்யும் வேலையைப் பாருங்கள். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 456 காசு. 16 அணாவால் வகுத்தால் ஓர் அணாவுக்கு இருபத்தெட்டரைக் காசு. காலணாவுக்கு ஏழே அரைக்கால் காசு. காலணாவில் மூன்றில் ஒரு பங்கான தம்பிடிக்கு இரண்டே காலே அரைக்கால் காசு. அரைக்கால் காசுக்கு நாணயம் கிடையாது. அது கடைக்காரர் பக்கமோ வாங்குகிறவர் பக்கமோ சாய்ந்துதான் ஆக வேண்டும். பள்ளிக்கூடத்தில் கீழ்வாய் இலக்கம் படித்த தலைமுறை இதை மனக்கணக்காகப் போட்டது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்ற வாய்ப்பாடெல்லாம் எதற்கென்று நாம் நினைக்கிறோம். பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனியோ வெற்றிலையோ வாங்கப் போனவருக்கு அது தினமும் வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித்தந்தவர் சந்தையில் பழைய பாத்திரம் எடுத்து விற்கும் ஒரு முதியவர். பெயர் வேண்டாம் என்றார். "பாட்டா, இதுல எது கூடுதல் விலை?" என்று கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மக்களே, விலை கேக்க ஆளு நெறைய வாறாங்க. எத்தனை காசு ஒரு சக்கரம்னு கேட்டு ஒருத்தனும் வரல்ல."

அதன் பிறகு விலையை நான் முதலில் கேட்பதில்லை.

கைக்கு வரும் வகைகள்

இந்த வட்டாரத்தில் இப்போதும் கிடைக்கக்கூடிய சித்திரைத் திருநாள் கால வெண்கலம் நான்கு வகை: ஒரு காசு, நாலு காசு, எட்டுக் காசு, ஒரு சக்கரம். ஒரு காசு சுண்டுவிரல் நகத்தளவுதான். மண்ணில் விழுந்தால் மழைக்குப் பிறகே கண்ணில் படும். நாலு காசிலும் எட்டுக் காசிலும் பின்னிய எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். இரண்டு எழுத்துகள் மட்டும் பின்னியிருந்தால் அது 1885 முதல் 1924 வரை ஆண்ட மூலம் திருநாள் ராம வர்மாவின் பெயர். முன்னால் 'பி' சேர்ந்து மூன்றாக இருந்தால் பாலராம வர்மா. புதிதாகச் சேர்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான். தேய்ந்த நாணயத்தில் அந்த 'பி' எளிதில் மறைந்துவிடும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் நிழலில் எழும்பி வரும்.

சக்கரத்தில் மன்னரின் முகமே இருக்கிறது, இளைஞரின் முகம். 1931-இல் ஆட்சிப் பொறுப்பை ஏற்றபோது அவருக்கு 19 வயது நிறையவிருந்தது. அதுவரை ஏழாண்டுகள் மகாராணி சேதுலட்சுமி பாய் அவர் சார்பில் ஆட்சி செய்தார். மறுபக்கம் சங்கு. காசிலிருந்து சக்கரம் வரை, அஞ்சல் தலையிலும் முத்திரைத் தாளிலும், அந்தச் சங்கு எங்கும் இருந்தது. இன்றைய கேரள அரசின் சின்னத்தில் இரண்டு யானைகளுக்கு நடுவில் இருப்பதும் அதே சங்குதான். எல்லைக்கு அந்தப் பக்கம் வில்லேஜ் ஆபீஸ் பலகையில் சங்கு, இந்தப் பக்கம் கோபுரம். என் கலயத்தில் இருபக்கத்துக்கும் ஒரே சங்கு.

மதிப்பை ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் பொறித்திருக்கிறார்கள். தமிழ் இல்லை. நெய்யாறு தாண்டித் தெற்கே, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்று லட்சக்கணக்கான தமிழர் வாழ்ந்த நாட்டின் நாணயத்தில் ஒரு தமிழ் எழுத்துக்கு இடமில்லாமல் போனது. காசு, பணம் என்ற சொற்கள் தமிழுக்கும் உரியவை. எழுத்து மட்டும் இல்லை. இது எனக்கு வலிக்கிறது. பின்னால் நடந்த பலவற்றுக்கு இது போன்ற சிறிய விஷயங்களும் காரணம் என்று நம்புகிறேன்.

ஆண்டு பொறித்த நாணயங்களில் இருப்பது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் கணக்கு, சிங்கமாதம் ஒன்றில், நம் ஆவணி ஒன்றையொட்டி, புத்தாண்டு. எங்கள் பக்கத்துப் பழைய பிரமாணங்களைப் பார்த்தவர்களுக்கு அது பழக்கமானது. நாணயத்தில் உள்ள எண்ணோடு 824-ஐயோ 825-ஐயோ கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்தது. இந்தச் சின்னக் கூட்டலைச் செய்யும்போதுதான் நாணயம் பேசத் தொடங்கும்.

1112 என்று பொறித்த வெள்ளிப் பணம் ஒன்று உண்டு. 1112 துலாம் 27, ஆங்கிலக் கணக்கில் 1936 நவம்பர் 12, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்த நாள். மன்னரின் பிறந்தநாளையொட்டி வந்தது அது. அரசுக் கோயில்களின் நடையில் எல்லாச் சாதி இந்துக்களும் கால்வைக்கலாம் என்று ஆன ஆண்டின் பணம் அது. அதைக் காணிக்கையாகப் போட்டவர்களில் அந்த வாசலை முதல்முறையாகத் தாண்டியவர்கள் இருந்திருப்பார்கள்.

1114 என்று பொறித்த வெண்கலச் சக்கரம் எங்கள் கலயத்தில் இருக்கிறது. 1114 பிறந்தது 1938 ஆகஸ்ட் நடுவில். அந்த மாதக் கடைசியில், ஆகஸ்ட் 31 அன்று, நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொறுப்பாட்சி கேட்டு ஸ்டேட் காங்கிரஸ் நடத்திய போராட்டத்தின் ஒரு கட்டம் அது. திவான் சர் சி. பி. ராமசுவாமி ஐயரின் ஆட்சி. வீரராகவன் என்று இன்று ஊர் நினைவில் வைத்திருக்கும் இளைஞர் உயிரிழந்தார். அந்த ஆண்டின் எண்ணைச் சுமந்து மன்னரின் அமைதியான முகம் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஒரு பக்கம் முகம், மறுபக்கம் சங்கு. நடந்தது இரண்டிலும் இல்லை, எண்ணில் இருக்கிறது.

ஓட்டைக் காலணா

போர் வந்தது. செம்புக்குத் தட்டுப்பாடு. பிரிட்டிஷ் இந்தியா வெண்கலத்தில் அடித்த தம்பிடியும் அரைப் பைசாவும் 1942-ஓடு நின்றன. 1943-இல் வந்தது நடுவில் பெரிய துளையுள்ள காலணா. உலோகத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு. துளை இருந்ததால் அரசர் முகத்துக்கு இடமில்லை, கிரீடத்தை மட்டும் மேலே வைத்தார்கள். 1947 வரை அடித்தார்கள். வேண்டிய அளவை பம்பாயிலும் கல்கத்தாவிலும் மட்டும் அடித்து முடியாமல், லாகூரில் புதிய அக்கசாலை திறந்தார்கள். தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா அக்கசாலையும் 1943-இல் இந்தியாவுக்காக அடித்துக் கொடுத்தது. இஞ்சிவிளைக் கலயத்தில் கிடக்கும் ஒரு காலணா அவ்வளவு தூரம் கடல் கடந்து வந்ததாகவும் இருக்கலாம்.

தமிழ்நாட்டில் ஓட்டைக் காலணா இன்னும் நினைவில் இருக்கிறது. பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் கோத்தார்கள். போல்ட்டுக்கு வாஷராகப் போட்டார்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாஷர் வாங்குவதைவிட மலிவு என்பார்கள். எங்கள் கலயத்தில் அவை சணல் நூலில் கோத்துக் கிடந்தன. நூல் மக்கி அறுந்துவிட்டது. உலோகத்தை மிச்சப்படுத்த வைத்த அதே துளை, கோக்க வசதியாகிவிட்டது.

இதே ஆண்டுகளில் திருவிதாங்கூர் தன் வெண்கலக் காசைத் துளையில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. 1947 ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாக இருக்கும் என்று சி.பி. அறிவித்தார். ஜூலை 25-இல் அவரை வெட்டினார்கள், உயிர் பிழைத்தார். ஒரு வாரத்துக்குள் மன்னர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார். அந்த இரண்டு மாதங்களில், சங்கு பொறித்த ஒரு காசு, ஒரு தனி நாட்டின் செலாவணியாக ஆகிவிடும் நிலையில் இருந்தது. நாணயம் சேர்ப்பவர்கள் இந்தக் கோணத்தில் அதைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு வியப்பு.

அப்போது இங்கே எல்லை இல்லை

பாறசாலை, களியக்காவிளை என்றதும் எல்லை என்கிறோம். செக்போஸ்ட், இரண்டு மாநில பஸ், இரண்டு மொழிப் பலகை. இந்தக் காசுகள் அடித்தபோது எல்லை இங்கே இல்லை. அது கிழக்கே, ஆரல்வாய்மொழியில் இருந்தது. மலைக்கணவாய் தாண்டினால் மதராஸ் மாகாணம். அங்கே சக்கரம் சட்டப்படி செல்லாது. அதற்கு இப்பால் கன்னியாகுமரியிலிருந்து வடக்கே பறவூர் வரை ஒரே காசு ஓடியது. பாறசாலைக்காரரும் நாகர்கோவில்காரரும் ஒரே சங்கைத்தான் முடிச்சில் வைத்திருந்தார்கள்.

1949 ஜூலை 1-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து விலகி, இந்திய அணாவும் பைசாவும் அந்த இடத்தைப் பிடித்தன. அஞ்சல் துறை 1951-இல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. இதற்கிடையே, நேசமணி போன்றவர்கள் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. அவர்கள் கேட்ட வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் நான்கு தென்வட்டங்கள் தமிழ்நாட்டுக்கு வந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு, விளவங்கோட்டுக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 1-இல், ரூபாய்க்கு நூறு நயாபைசா வந்தது. அணாவும் போயிற்று.

பத்து ஆண்டுக்குள் ஒரே வீட்டுக்காரர் மூன்று கணக்கு மாறினார்: பதினாறு காசுச் சக்கரம், பதினாறு அணா ரூபாய், நூறு பைசா ரூபாய். கலயத்தில் கிடப்பது அந்தப் பத்தாண்டின் வண்டல். பாட்டி அவற்றை மாற்றாமல் ஏன் வைத்திருந்தார் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

புளி

நான் செய்த தவறை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த விடுமுறையில், பத்து வயதில், கலயத்திலிருந்த சக்கரங்களை எல்லாம் எடுத்துப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். வீட்டுக் குத்துவிளக்கை அப்படித்தானே தேய்ப்பார்கள். பளபளவென்று வந்தன. எல்லாரிடமும் காட்டினேன். மன்னரின் முகத்து நுணுக்கங்கள் அன்று பாதி போய்விட்டன. இரண்டே மாதத்தில் அவை முன்பைவிட மோசமாகக் கறுத்தன.

நாணய வெண்கலம் என்பது செம்போடு வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்தது. ஆண்டுக்கணக்கில் காற்று பட்டு அதன் மேல் ஒரு பழுப்புப் படலம் படிகிறது. அது அழுக்கு அல்ல, தோல். உள்ளே இருக்கும் உலோகத்தை அதுதான் காக்கிறது. புளியின் அமிலம் அந்தத் தோலை உரித்துவிடும். சாம்பல் மேட்டுப் பகுதிகளை அரைத்துவிடும். சேர்ப்பவர்கள் எல்லோரும் முதலில் கற்க வேண்டியது, கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெல்ல எடுத்தால் போதும். வெயிலில் அல்ல, நிழலில் உலர்த்த வேண்டும்.

பச்சையிலும் இரண்டு பச்சை உண்டு. வாழை இலைப் பச்சையில், வழவழப்பாக, கெட்டியாக இருந்தால் பயமில்லை. வெளிறிய பச்சையில், தொட்டால் மாவாக உதிர்ந்தால் அது நோய். உப்புதான் காரணம். பூவாறு, பொழியூர், கொல்லங்கோடு என்று கடலோரம் கிடைக்கும் காசுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். அப்படி ஒன்று வந்தால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறை நாளடைவில் பிசுபிசுத்து வெண்கலத்தை அரிக்கும். கெட்டித் தாளில் மடித்த உறை நல்லது. எங்கள் பக்கத்து ஆறு மாத மழைக்கு அதற்கு மேல் ஒரு தகரப் பெட்டியும் வேண்டும்.

விலையைப் பற்றி இரண்டு வரி. தேய்ந்த ஒரு காசும் ஓட்டைக் காலணாவும் ஏராளம். பெரிய விலை கிடையாது. பழைய நாணயத்துக்கு லட்சம் ரூபாய் தருகிறோம், முதலில் கட்டணம் அனுப்புங்கள் என்று செல்போனில் வருவது மோசடி. ரிசர்வ் வங்கியே 2021-இல் தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று எச்சரித்தது. ஓய்வூதியப் பணத்தை அப்படி இழந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். தயவுசெய்து வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

சட்டமும் கோட்டைத் தாண்டினால் மாறுகிறது. மண்ணைத் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கேரளத்தில் அதற்கு 1968-இல் வந்த சட்டம், தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டம். நூறு ஆண்டு ஆன நாணயம் தொல்பொருள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1114 சக்கரம் 2038-இல் அந்த வயதை எட்டும்.

கலயத்தைப் பிரிக்காதீர்கள்

இந்த வட்டாரத்தில் பழைய வீடுகளை இடிக்கும்போதும் பங்கு பிரிக்கும்போதும் இப்படிப்பட்ட கலயங்கள் வெளியே வருகின்றன. வந்த அன்றே பிரிந்துவிடுகின்றன. சக்கரத்தை ஒருவர் எடுப்பார், வெள்ளிப் பணத்தை ஒருவர், காலணா குழந்தைகளுக்கு, மிச்சம் எடைக்கு. நாணயச் சந்தைக்கு வந்த பிறகு அவை ஆல்பத்தில் வரிசையாக, ஆண்டுவாரியாக, அழகாக அமர்கின்றன. எந்த வீட்டிலிருந்து வந்தது, எதோடு கிடந்தது என்பது போயே போய்விடுகிறது.

நெடுமங்காட்டில் கோயிக்கல் கொட்டாரத்தில் கேரளத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து போய்வரும் தூரம்தான். ராசி, அனந்தராயன் பணம், கலியுகராயன் பணம், கொச்சியின் புத்தன் என்று ஏட்டில் மட்டும் படித்ததை அங்கே கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொன்றும் அருமையானது. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் 1940-களின் சில்லறை, அது கிடந்த விகிதத்திலேயே, கலைக்காமல் வைக்கப்பட்டிருக்கும் இடம் வீடுதான். இத்தனை சக்கரத்துக்கு இத்தனை ஓட்டைக் காலணா என்ற விகிதம், ஆரல்வாய்மொழிக்கு அப்பாலிருந்து எவ்வளவு காசு இங்கே நடந்து வந்தது என்பதைச் சொல்கிறது. தேயிலைத் தோட்ட வேலைக்கோ ராணுவத்துக்கோ போனவர் கொண்டுவந்ததா, சந்தை வியாபாரத்தில் வந்ததா என்று யோசிக்க இடம் தருகிறது. இரண்டு அரசுகளின் காசையும் பிரித்து அடுக்கினால் இந்தக் கேள்வியே எழாது. அதனால்தான் சொல்கிறேன்: எடுத்தால் முழுக் கலயமாக எடுங்கள். வாங்கினாலும் அப்படியே வாங்குங்கள். ஊர், வீடு, எந்த அறை, யார் சொன்னது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுங்கள்.

பாட்டி போன பிறகு அந்தக் கலயம் என்னிடம் வந்தது. போன மழைக்காலத்தில் ஒருநாள் மேசையில் பழைய வேட்டியை விரித்து எண்ணினேன். ஒரு காசு 58, நாலு காசு 9, எட்டுக் காசு 13, சக்கரம் 12, அவை எல்லாமே நான் புளி போட்டவை. ஓட்டைக் காலணா 16, தம்பிடி 4. மொத்தம் 112. திருவிதாங்கூர்க் காசு 390. காலணாவையும் தம்பிடியையும் பழைய கணக்கில் மாற்றிச் சேர்த்தால் 513½ காசு. ஒரு பிரிட்டிஷ் ரூபாயும் கூடவே மூன்றரைச் சக்கரமும் ஒன்றரைக் காசும்.

பிறகு எட்டால் வகுத்துப் பார்த்தேன். 64 மைல். திருவனந்தபுரத்தில் ஏறினால், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை எல்லாம் தாண்டிக் கன்னியாகுமரியில் இறங்கி, இன்னும் பத்து மைல் மிச்சமிருக்கும். சீட்டில் அதையும் எழுதினேன். அறுந்த சணலுக்குப் பதில் புது நூலில் காலணாக்களைக் கோத்தேன். பழைய நூலைச் சுருட்டிச் சீட்டோடு சேர்த்துக் கலயத்துக்குள் வைத்தேன்.